காலை ஏழு மணியும் கீசரும்: கர்நாடக மின் நெருக்கடியில் வீடுகளின் பங்கு

மழை பொய்க்கும் ஆண்டுகளில் கர்நாடகத்தில் மின்சாரப் பிரச்சினை தலைதூக்குவதும், அடுத்த பருவமழை பெய்ததும் அது மறக்கப்படுவதும் நீண்ட நாளைய வழக்கம். 2023-ஆம் ஆண்டிலும் அதுவே நடந்தது. தென்மேற்குப் பருவமழை குறைந்ததால் மாநிலத்தின் 236 தாலுகாக்களில் 223 தாலுகாக்கள் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்டன. அணைகளில் நீர்மட்டம் தாழ்ந்தது. கால்வாய் நீர் கிடைக்காத விவசாயிகள் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியதால் பம்புசெட்டுகளின் மின் தேவை ஏறியது. உற்பத்தி குறைந்த நேரத்தில் தேவை கூடியது.

அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 11-வது பிரிவைக் கையில் எடுத்தது. மாநிலத்திலுள்ள தனியார் மின் நிலையங்கள் தங்கள் உற்பத்தியை மாநிலத்துக்கே அளிக்கவேண்டும் என்று உத்தரவு பிறந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் மின்சாரம் கைமாற்றாகப் பெறப்பட்டது. இப்போது வாங்கிக்கொண்டு, பின்னால் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு.

இத்தனைக்குப் பிறகும் இடித்த பற்றாக்குறையின் சுமை யார் தலையில் விழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. கிராமங்களில் பம்புசெட்டுகளுக்கான மும்முனை மின்சாரத்தின் நேரம் குறைந்தது. பயிர் வாடுவதைக் கண்ட விவசாயிகள் பல இடங்களில் போராட்டத்தில் இறங்கினர். நகர வீடுகளிலோ, எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் உபயோகிக்கலாம் என்ற கட்டுப்பாடு எதுவும் வரவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது மின்சார விநியோகத்திலும் பொருந்துகிறது.

இது யாரையும் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்வதல்ல. பெங்களூரில் வாழும் நடுத்தரக் குடும்பங்கள் மின்சாரத்தை வீணடிப்பதாகக் கூறினால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். மாதாந்திர பில்லைக் கண்டு அஞ்சி, விளக்கை அணைத்து வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆனால் அந்தச் சிக்கனம் யூனிட்டைக் கணக்கிடும் சிக்கனம். நாட்டின் மின் கட்டமைப்பைத் திணறடிப்பது மாதக் கடைசியில் வரும் யூனிட் கணக்கைவிட, குறிப்பிட்ட சில மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாகச் சுவிட்சைப் போடுவதுதான்.

கிடங்கில் வைக்க முடியாத சரக்கு

அரிசியையோ மண்ணெண்ணெயையோ மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிக் கிடங்கில் வைக்கலாம். மின்சாரம் அப்படிப்பட்ட சரக்கு அல்ல. வீட்டில் சுவிட்சைப் போடும் அதே கணத்தில் எங்கோ ஒரு மின் நிலையம் அதை உற்பத்தி செய்தாகவேண்டும். தேவையும் உற்பத்தியும் சமமாக இருக்கும்வரை மின்னோட்டத்தின் அலைவெண் வினாடிக்கு 50 சுற்று என்ற அளவில் நிற்கும். தேவை மிஞ்சினால் அது சரியும். சரிவு எல்லை மீறினால் மின்தொகுப்பே நிலைகுலையும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவிலும் கிழக்கிலும் ஏற்பட்ட மின்தடை இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாம் நாளில் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. அப்போது தென்மாநிலங்களின் மின்தொகுப்பு வடக்குடன் ஒரே அலைவெண்ணில் இணைக்கப்படாமல் இருந்தது. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் மின்பாதை வழியாக அந்த இணைப்பு ஏற்பட்டது. இன்று நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. ஓரிடத்தின் நெருக்கடி மற்ற இடங்களையும் தொடும்.

உச்சத் தேவை நாளில் சில மணி நேரமே நீடிக்கிறது. எனினும் அந்தச் சில மணி நேரத்துக்காக மின் நிலையங்களையும், உயர் அழுத்தப் பாதைகளையும், தெருமுனை டிரான்ஸ்பார்மரையும் பெரிதாக அமைக்கவேண்டியிருக்கிறது. மீதி நேரத்தில் அவற்றின் திறன் சும்மா கிடக்கிறது. கல்யாணத்துக்கு வரும் கூட்டத்தை நினைத்து வருடம் முழுவதும் பெரிய சத்திரத்துக்கு வாடகை கொடுப்பது போன்ற செலவு அது. அந்தச் செலவு கடைசியில் எல்லோருடைய கட்டணத்திலும் சேர்கிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால், வெப்பமாக வீணாகும் மின்சாரம் நான்கு மடங்காகிறது. ஆகவே நெரிசல் மிகுந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து சேரும் ஒரு யூனிட்டுக்காக வழியில் இழக்கப்படுவதும் அதிகம். அந்த நேரத்தில் மிச்சப்படுத்தும் ஒரு யூனிட், நள்ளிரவில் மிச்சப்படுத்தும் யூனிட்டைவிட மதிப்பு மிக்கது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

பெரும்பாலான மாநிலங்களில் உச்சநேரம் என்றால் விளக்கேற்றும் நேரம். பெங்களூரின் குளிர்ந்த காலை, வெந்நீர்க் குளியலைப் பழக்கமாக்கிவிட்டது. காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் கீசர், தண்ணீர் மோட்டார், மிக்சி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒன்றாக இயங்குகின்றன. மாலை 6 மணிக்குப் பிறகு விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, மின் அடுப்பு, கோடையில் ஏ.சி. என்று இரண்டாவது உச்சம் எழுகிறது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நண்பகலில் நிலைமை வேறு. கர்நாடகத்தில் பவகடா சூரிய மின் பூங்காவின் திறன் மட்டும் 2,050 மெகாவாட். வெயில் உச்சியில் இருக்கும்போது மின்சாரம் தாராளமாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. சூரியன் சாய்ந்ததும் அது கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. 2024 மே 30-ஆம் தேதி நாட்டின் மின் தேவை சுமார் 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. அது பகல் நேரம் என்பதால் சூரிய மின்சாரம் கைகொடுத்தது. பொழுது சாய்ந்த பின்னர் வரும் தேவையைச் சமாளிப்பதே மின்துறையினருக்கு இப்போது பெரும் கவலை.

மின் சந்தையின் விலையே இதைக் காட்டிக் கொடுக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சந்தை விலைக்கு யூனிட் 10 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. நெருக்கடியான மாலைகளில் விலை அந்த வரம்பைத் தொட்டு நிற்பதும், அதே நாளின் நண்பகலில் அதில் சிறு பங்காக இறங்கிவிடுவதும் பலமுறை நிகழ்ந்துள்ளன. வீட்டுக்காரருக்கோ இரண்டு நேரத்திலும் ஒரே விலைதான். அந்த வித்தியாசம் அவர் கண்ணில் படுவதேயில்லை.

மூன்று ரூபாய் வெந்நீரின் மறுபக்கம்

ஒரு கணக்கைப் பார்க்கலாம். சாதாரணமாக வீடுகளில் இருக்கும் 15 லிட்டர் கீசரின் திறன் 2 கிலோவாட். அதாவது 9 வாட் எல்.இ.டி. பல்புகள் 220 எரிவதற்குச் சமம். 25 டிகிரியில் உள்ள 15 லிட்டர் நீரை 55 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய அரை யூனிட் போதும். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். செலவு சுமார் மூன்று ரூபாய். குடும்பத் தலைவி இதைப் பெரிய செலவாகக் கருதாததில் வியப்பில்லை.

மின் நிலையத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி மாறிவிடுகிறது. ஐந்து லட்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் கீசர் இயங்கினால் தேவை 1,000 மெகாவாட். மாநிலத்தின் மிகப் பெரிய நீர்மின் நிலையமான ஷராவதி மின் நிலையத்தின் முழுத் திறனே 1,035 மெகாவாட்தான். லிங்கனமக்கி அணையில் ஒரு பருவமழை முழுவதும் சேர்த்த நீரைக் கொண்டு இயங்கும் அந்த நிலையம் முழு மூச்சாக உழைத்தால்தான், ஐந்து லட்சம் வீடுகளின் குளியலறைக்கு ஈடுகொடுக்க முடியும். அதே வீடுகளில் பாதிப்பேர் ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ கீசரைப் போட்டால், குளியலும் நடக்கும், யூனிட்டும் குறையாது, ஆனால் 500 மெகாவாட் நெரிசல் தணியும்.

வீடுகள் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு வலிமை என்பதை நாடு ஒருமுறை கண்கூடாகக் கண்டது. கொரோனா ஊரடங்கின்போது 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டார். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று மின்தொகுப்பு அதிகாரிகள் எதிர்பார்த்தனர். குறைந்ததோ சுமார் 31,000 மெகாவாட். நீர்மின் நிலையங்களைச் சட்டென்று தாழ்த்தி, பிறகு சட்டென்று உயர்த்தி அந்தச் சோதனையைக் கடந்தனர். அந்த நிகழ்ச்சியைப் பற்றி எவ்வித அபிப்பிராயம் இருந்தாலும், ஒரு பாடம் மட்டும் தெளிவானது. வீட்டுச் சுவிட்சுகள் தனித்தனியே அற்பமானவை. சேர்ந்தால் நாட்டின் மின்தொகுப்பையே அசைக்க வல்லவை.

எண்ணப்படுவது யூனிட் மட்டுமே

அப்படியிருக்க, வீட்டுக்காரர் ஏன் நேரத்தைப் பார்ப்பதில்லை? பார்க்கும்படி யாரும் அவரைக் கேட்டதில்லை என்பதே பதில். பெரிய தொழிற்சாலைகளுக்கு உச்சநேரத்தில் கூடுதலும் மற்ற நேரத்தில் குறைவுமான கட்டணமுறை பல ஆண்டுகளாக உண்டு. பம்புசெட்டுகளுக்கு எந்த நேரத்தில் மின்சாரம் என்பதை மின் நிறுவனமே தீர்மானிக்கிறது. சூரிய மின்சாரம் பெருகிய பின்னர் அவற்றில் பலவும் பகலுக்கு மாற்றப்பட்டுவிட்டன. நேரக் கணக்கு தொடாமல் விட்ட ஒரே பிரிவு வீடுகள்தாம்.

கர்நாடகத்தில் 2023 ஜூலையில் தொடங்கிய கிருஹ ஜோதித் திட்டம் மாதம் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரத்தை இலவசமாக்கியது. முந்தைய ஆண்டின் சராசரி உபயோகத்துடன் பத்து சதவீதம் சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் அளவு நிர்ணயிக்கப்பட்டது. 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லையும் கட்டவேண்டும். இதனால் யூனிட்டை எண்ணும் பழக்கம் மக்களிடம் வளர்ந்தது உண்மை. ஆனால் காலை 7 மணிக்குச் செலவிட்ட யூனிட்டுக்கும் நண்பகலில் செலவிட்ட யூனிட்டுக்கும் இத்திட்டம் வேற்றுமை பார்ப்பதில்லை. ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்த சலுகையைப் பறிக்கவேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அதே சலுகைக்குள் நேரத்துக்கும் ஓர் இடம் தரலாம் என்பதே யோசிக்கவேண்டிய விஷயம்.

2023 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின் திருத்தம் இந்தத் திசையில் ஒரு அடி. வெயில் நேரத்தில் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்வாக இருக்கவேண்டும்; உச்சநேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதமும், தொழில், வர்த்தகப் பிரிவினருக்குக் குறைந்தது 20 சதவீதமும் கூடுதலாக இருக்கவேண்டும் என்று அது கூறியது. பெரிய தொழில், வர்த்தகப் பிரிவினருக்கு 2024 ஏப்ரல் முதலும், விவசாயம் நீங்கலாக மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் முதலும் என்று கெடு வைக்கப்பட்டது. ஆனால் நேரவாரியாகக் கணக்கிட ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவும் வேண்டும். பெங்களூரில் புதிய இணைப்புகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம் என 2025-ல் அறிவிக்கப்பட்டபோது, அதன் விலை குறித்தே பெரும் சர்ச்சை எழுந்தது. மீட்டரின் செலவை யார் ஏற்பது என்பது தீராமல், நேரக் கட்டணம் வீடுகளை எட்டாது.

நியாயம் பற்றிய கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது. காலை ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கிளப்பும் தாய், இவர்களால் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாது. ஒற்றை அறை வாடகை வீட்டில் ஹீட்டர் கம்பியால் ஒரு வாளித் தண்ணீர் காய்ச்சுகிறவரிடம் அபராதக் கட்டணம் வசூலிப்பது அநியாயம். உச்சநேரத்தில் தண்டிப்பதைவிட, நண்பகலில் உபயோகித்தால் சலுகை தருவதும், பல கீசர்களும் ஏ.சி.க்களும் உள்ள வீடுகளிலிருந்து தொடங்குவதுமே பொருத்தமான வழி.

மாற்றக்கூடியவை நான்கே

சிக்கனம் என்றதும் மிக்சியையும் விளக்கையும் குறைக்கச் சொல்வது வழக்கம். சட்னி அரைக்கும் ஐந்து நிமிடத்தால் மின்தொகுப்பு கவிழப்போவதில்லை. கவனிக்கவேண்டியவை வெந்நீர், தண்ணீர் மோட்டார், துணி துவைப்பதும் இஸ்திரி போடுவதும், ஏ.சி. ஆகிய நான்குதான்.

முதலாவது வெந்நீர். கீசரைப் போட்டுவிட்டு மறந்துவிடாமல், தண்ணீர் சூடானதும் அணைத்துவிட்டால் பல மணி நேரம் சூடு தாங்கும். ஒரு குடும்பத்தில் நால்வர் என்றால் இருவர் இரவிலோ காலை 9 மணிக்குப் பிறகோ குளிக்க முடிந்தாலே போதுமானது. ஷவரைவிட வாளிக் குளியல் பாதி வெந்நீரில் முடியும். இவற்றைவிடச் சிறந்தது சூரிய வெந்நீர்க் கலம். பெங்களூரின் மொட்டை மாடிகளில் அவை பெருகியிருப்பதற்குக் காரணம், புது வீடுகளுக்கு மின் இணைப்புப் பெற அதைக் கட்டாயமாக்கிய விதியும், பில்லில் அளிக்கப்பட்டு வந்த தள்ளுபடியுமே. நூறு லிட்டர் கலங்கள் ஆயிரம் இருந்தால் உச்சநேரத்தில் ஒரு மெகாவாட் மிச்சம் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. ஆனால் அடுக்குமாடிக் கட்டடங்களில் எல்லோருக்கும் போதிய மாடி இடம் இல்லை. மழைக்கால நாட்களில் துணைக் காயிலைப் போட்டு இரவெல்லாம் அணைக்காமல் விடுவதும் நடக்கிறது. அதற்கு டைமர் பொருத்துவது அதிகச் செலவில்லாத காரியம்.

இரண்டாவது மோட்டார். சம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் 1 குதிரைத்திறன் மோட்டாருக்கு சுமார் 750 வாட் தேவை. இதைக் காலை 7 மணிக்குத்தான் போடவேண்டும் என்ற அவசியம் எதுவும் இல்லை. அடுக்குமாடிச் சங்கங்கள் நண்பகலில் தொட்டியை நிரப்ப ஏற்பாடு செய்தால், யாருக்கும் எவ்விதச் சிரமமும் இன்றி உச்சநேரச் சுமை இறங்கும்.

மூன்றாவது, துவைக்கும் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும். வெந்நீரில் துவைக்கும் இயந்திரம் கீசர் அளவுக்கு இழுக்கும். தண்ணீரைச் சூடாக்காமலே துவைப்பது பெரும்பாலான துணிகளுக்குப் போதும். வாரத்துக்கு வேண்டிய துணிகளை ஞாயிறு மதியத்தில் ஒரேயடியாக இஸ்திரி போட்டுவிட்டால், தினமும் காலையில் பெட்டியைச் சூடேற்ற வேண்டியதில்லை.

நான்காவது ஏ.சி. 2020 ஜனவரி முதல் விற்கப்படும் அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் தொடங்கவேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என எரிசக்தித் திறன் துறை கூறுகிறது. மாலையில் 18-ல் வைத்துப் போர்வை போர்த்துவதைவிட, 25-ல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுவது உடலுக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது.

மக்கள் மாறமாட்டார்கள் என்ற வாதம் எடுபடாது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் மலிவு விலையில் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 60 வாட் குண்டு பல்பின் இடத்தை 9 வாட் பல்பு பிடித்தது. உச்சத் தேவையில் 9,000 மெகாவாட்டுக்கு மேல் தவிர்க்கப்பட்டதாக அரசு மதிப்பிட்டிருக்கிறது. வழி எளிதாகவும் லாபமாகவும் இருந்தால் மக்கள் பின்வாங்குவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விலையைக் காடு கொடுக்குமா?

வீடுகள் மாறாவிட்டால் மாற்றுவழி இல்லாமல் இல்லை. நண்பகலில் மிகுதியாகும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, மாலையில் அதைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் முறை உண்டு. தமிழ்நாட்டில் 400 மெகாவாட் திறனுள்ள கடம்பாறை நிலையம் இவ்வகையைச் சேர்ந்தது. கர்நாடகத்தில் ஷராவதிப் பள்ளத்தாக்கில் 2,000 மெகாவாட் அளவில் இத்தகைய நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. ஆனால் அப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்ந்த காடு. அருகிவரும் சிங்கவால் குரங்குகளின் புகலிடம். ஆகவே எதிர்ப்பும் பலமாக எழுந்துள்ளது. மேலும் ஏற்றிய மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வருவதில்லை. பெரிய மின்கலங்களும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் விலை உண்டு. இவை எதுவுமே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. சூரிய மின்சாரம் பெருகும் காலத்தில் சேமிப்பு தேவைதான். எவ்வளவு சேமிப்பு தேவை, எவ்வளவு காடு போகும் என்பதை நிர்ணயிப்பதில், உச்சநேரத் தேவையின் உயரத்துக்கும் பங்கு உண்டு.

கர்நாடகத்தின் மின் வரலாறு ஆற்றோடு பிறந்தது. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது கோலார் தங்கவயலுக்கு. அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். 1905-ல் பெங்களூர் நகரம் விளக்கேற்றிக்கொண்டது. 1985-ல் ராய்ச்சூர் அனல் மின் நிலையத்தின் முதல் பிரிவு இயங்கும்வரை மாநிலம் ஏறக்குறைய முழுவதும் மழையையே நம்பியிருந்தது. இன்று நிலக்கரி, அணுசக்தி, காற்று, வெயில் எனப் பல துணைகள் வந்துவிட்டன. எனினும் உச்சநேரத்தில் நொடியில் கைகொடுப்பது இன்றும் அணையிலிருக்கும் நீர்தான். வறட்சி ஆண்டில் அந்த நீரின் ஒவ்வொரு அடியும் விலைமதிப்பற்றது.

அரசு செய்யவேண்டியது அதிகம். மீட்டர் செலவை மக்கள் தலையில் கட்டாமல் நேரக் கணக்கை அறிமுகப்படுத்துவது, நண்பகல் உபயோகத்துக்குச் சலுகை தருவது, பில்லிலேயே உச்சநேர உபயோகத்தைத் தனியாக அச்சிட்டுக் காட்டுவது ஆகியவை உடனே தொடங்கக்கூடியவை. வறட்சி வந்தபின் கிராமத்துப் பம்புசெட்டை நிறுத்துவதைவிட, மழை இருக்கும்போதே நகரத்து வீடுகளைப் பழக்குவது புத்திசாலித்தனம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளவேண்டும் என்பது வெயிலுக்கும் பொருந்தும். வீட்டுக்காரர் தம் பங்குக்கு, அரசின் உத்தரவுக்குக் காத்திராமல், நாளைக் காலையே மோட்டாரை நண்பகலுக்கு மாற்றிவிடலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. அடுத்த வறட்சியில் ஒரு விவசாயியின் வயலுக்குத் தண்ணீர் பாய அது உதவக்கூடும்.